சன்மைக்கா ஒட்டிய சமையலறைக் கப்போர்டுக்குப் பெயின்ட் அடித்தால் நிற்குமா?

மூன்றாம்மாடி (வேளச்சேரி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சமையலறைக் கப்போர்டுகளின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 2009-இல் கட்டிய அடுக்ககம். மேடைக்குக் கீழேயும் மேலேயும் கதவுகள், அதற்கும் மேலே பரண் கதவுகள். எல்லாமே அடர் பழுப்புச் சன்மைக்கா. இருப்பதோ ஒரே ஒரு ஜன்னல், அதையும் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மறைத்துவிட்டது. பட்டப்பகலில் விளக்கு போட்டுத்தான் காய் நறுக்குகிறேன்.

மாடுலர் கிச்சன் செய்பவர்களிடம் கேட்டால், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகையில் பிள்ளையின் ஒரு வருஷப் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். பெட்டிகள் இன்னும் திடமாகத்தான் இருக்கின்றன. நல்ல சாமானைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. இதன் மேலேயே வெளிர் நிறத்தில் பெயின்ட் அடிக்கலாமா? தினமும் தாளிக்கிற சமையலறையில் தாங்குமா?

கோவை மரவேலை

சகோதரி, நிறத்தைப் பிறகு பார்க்கலாம். கதவு எதனால் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு கதவைக் கழற்றுங்கள். உள்பக்கத்தில் கீல் உட்காருவதற்கு 35 மி.மீ. அகலத்தில் வட்டமாக ஒரு குழி குடைந்திருப்பார்கள். கீலை எடுத்துவிட்டு அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கடுக்காக மரத்தாள் தெரிந்தால் பிளைவுட். மரச்சிராயை அழுத்திச் செய்த சொரசொரப்பு தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. ஒரே சீராக, மாவைப் பிசைந்து அழுத்தியது போல் மழமழவென்று இருந்தால் எம்.டி.எஃப்.

பிளைவுட் என்றால் கவலையே இல்லை, தாராளமாக அடிக்கலாம். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை எங்காவது உள்பக்கம் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது, அது தண்ணீரைத் தாங்கும் மரைன் ரகம். ஐ.எஸ். 303 என்றாலும் தண்ணீர் படாத இடத்துக்குப் போதும். பார்ட்டிகிள் போர்டு என்றால் சிங்க்கின் கீழ்க் கதவைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரம் ஊதியிருந்தால் அந்தக் கதவை மாற்றித்தான் ஆக வேண்டும். ஊதிய பலகையை எந்தப் பெயின்டும் பழைய நிலைக்குக் கொண்டு வராது.

மூன்றாம்மாடி

பார்த்துவிட்டேன், நன்றி அண்ணா. அடுக்கு அடுக்காகத் தெரிகிறது, பிளைவுட்தான். சிங்க் கதவின் கீழ் ஓரத்தில் மட்டும் சன்மைக்கா லேசாக வாய் பிளந்து நிற்கிறது. மற்றவை கெட்டியாக இருக்கின்றன.

நெல்லை அடுப்படி

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் தோழி. எங்கள் சித்தி வீட்டில் இதே மாதிரி சன்மைக்காவுக்கு மேல் வெள்ளை எனாமல் அடித்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்துவிட்டுத்தான் போனார்கள். அடுத்த தீபாவளிக்குள் கைப்பிடியைச் சுற்றித் தோல் தோலாக உரிய ஆரம்பித்துவிட்டது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் பட்டையாக வருகிறது, அடியில் பழைய சன்மைக்கா பளபளவென்று அப்படியே இருக்கிறது. அடித்த ஆளைக் கூப்பிட்டால் போன் எடுப்பதில்லை. அந்தக் காசுக்குப் புது சன்மைக்காவே ஒட்டியிருக்கலாம்.

தூரிகை (பெயின்டிங் கான்ட்ராக்டர், தாம்பரம்)

நெல்லைத் தோழி சொன்னதில் ஒரு வார்த்தை முக்கியம்: அடியில் சன்மைக்கா பளபளவென்று இருந்தது. காரணம் அதிலேயே இருக்கிறது. பளபளப்பை எடுக்காமல் அடித்திருக்கிறார்கள். எனாமல் மேல் தப்பில்லை.

மரத்துக்கு அடிக்கும் சாதாரண உட் பிரைமர், மரத்தின் துளைகளுக்குள் இறங்கித்தான் பிடிக்கும். சன்மைக்காவில் இறங்குவதற்குத் துளையே கிடையாது. அது பிசின் ஊறிய காகிதங்களைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த தகடு. எண்ணெய் ஒட்டக்கூடாது, தண்ணீர் இறங்கக்கூடாது என்பதற்காகவே செய்தது. அதன் மேல் எதையாவது நிற்க வைக்க வேண்டுமென்றால் மூன்று வேலை உண்டு, மூன்றில் ஒன்றைத் தாண்டினாலும் உரியும்.

முதல் வேலை எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்புக்கு மேலே இருக்கும் கதவை வெறும் துணியால் துடைத்தால் போகாது. வெந்நீரில் சலவை சோடா கரைத்து, தேங்காய் நார் போடாமல் பச்சை ஸ்கிரப்பரால் தேய்க்க வேண்டும். கதவின் மேல் விளிம்பையும் கைப்பிடி அடியையும் விடாதீர்கள், பிசுக்கு அங்கேதான் கெட்டியாகப் படிந்திருக்கும். அப்புறம் நல்ல தண்ணீரில் குறைந்தது இரண்டு முறை துடைத்து ஒரு நாள் காய விடுங்கள். சோடா மிச்சம் இருந்தாலும் பெயின்ட் பிடிக்காது. பிசுக்கு போய்விட்டதா என்று தெரிய, கதவைச் சாய்த்து நிறுத்திச் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் படலமாகப் பரவி இறங்கினால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. நிறையப் பேர் உப்புத்தாளை முதலில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எண்ணெயைக் கீறலுக்குள்ளே தேய்த்து ஏற்றினதாக ஆகிவிடும்.

இரண்டாவது, உப்புத்தாள். 180 அல்லது 220 நம்பர். சன்மைக்காவைக் குடைந்து பழுப்புக் காகிதம் தெரிகிற அளவுக்குத் தேய்க்காதீர்கள். பளபளப்பு முழுக்க மங்கினால் போதும். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எங்கெங்கே இன்னும் மினுங்குகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, பிரைமர். இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமரோ பி.யு. (பாலியூரிதேன்) பிரைமரோதான். கலக்க வேண்டிய விகிதம் டப்பா மேலேயே இருக்கும், கண் அளவில் கலக்கக்கூடாது. கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்கு மேல் டப்பாவிலேயே இறுகிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

எடுத்த எடுப்பில் எல்லாக் கதவையும் அடிக்காதீர்கள். பரணில் யார் கண்ணிலும் படாத ஒரு கதவில் பிரைமர் அடித்து நன்றாக இறுக விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுங்கள். ஐ.எஸ்.ஓ. 2409 என்று தொழிற்சாலைகளில் செய்யும் சோதனையும் ஏறக்குறைய இதுதான். கட்டங்கள் டேப்போடு வரவில்லை என்றால் மற்ற கதவுகளுக்குப் போகலாம்.

மூன்றாம்மாடி

அண்ணா, இவ்வளவு விளக்கமாக யாருமே சொன்னதில்லை. இன்னொரு கவலையும் இருக்கிறது. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. வாடையும் தூசும் என்ன செய்யும்?

வேதியியல் ஆசிரியை

குழந்தை இருக்கிறது என்றதும் எழுதத் தோன்றியது. உங்களுடையது சன்மைக்கா, அதன் தூசுக்கு ஒரு நல்ல முகக்கவசமும் ஈரத்துணியும் போதும். ஆனால் இந்த இழையைப் படிக்கிற பலரின் வீட்டில் கடப்பா கல் தட்டும், சுவரில் பதித்த மரச்சட்டமும், பல முறை எனாமல் அடித்த மரக்கதவும் இருக்கும். அவர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016-இல் கொண்டு வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் நிறைய இருந்திருக்க வாய்ப்புண்டு. அந்தக் கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசு தரையிலும் பாத்திரத்திலும் படியும். தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயத்தில் இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்.

எனவே பழைய எனாமல் கதவு என்றால் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் மட்டும் தேய்க்க வேண்டும். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் எடுக்க வேண்டும். வேலை முடியும் வரை குழந்தையும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம். தயவுசெய்து இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

தூரிகை

டீச்சரம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தொழிலில் வாயில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேய்க்கிற பையன்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். என்-95 மாஸ்க் தூசியைத்தான் நிறுத்தும், தின்னர் வாடையை நிறுத்தாது. அதற்குக் கரி வைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

அப்புறம் கேஸ். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். கதவுகளைக் கழற்றி மொட்டைமாடியில் வைத்து அடிப்பதுதான் நல்லது. கழற்ற முடியாத சட்டத்தைச் சமையலறையிலேயே அடிக்கும்போது சிலிண்டரை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குங்கள், பூஜை விளக்கும் அன்றைக்கு வேண்டாம். ஜன்னலும் பால்கனிக் கதவும் திறந்தே இருக்கட்டும். அந்த நாட்களில் ஹாலில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

கோவை மரவேலை

மேல் பூச்சுக்கு நான் பி.யு. ஸ்ப்ரே என்றுதான் சொல்வேன். கதவுகளை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, கம்ப்ரஸரில் அடித்து வாங்கினால் பிரஷ் கோடே இல்லாமல் தொழிற்சாலையில் செய்தது போலவே வரும். மஞ்சள் கறையும் சாம்பார்க் கறையும் லேசில் ஏறாது. எனாமல் ஒரு வாரம் வரை கை ஒட்டும், தட்டினால் பள்ளம் விழும்.

தூரிகை

பி.யு. நல்ல பூச்சு, மறுக்கவில்லை. ஆனால் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமாவே வரலாம். சரியான பாதுகாப்பு உள்ள ஒர்க்‌ஷாப்பில் செய்தால் செய்யட்டும், வீட்டு பால்கனியில் கூடவே கூடாது. பெட்டியின் பக்கப் பலகையையும் சட்டத்தையும் கழற்றி அனுப்பவும் முடியாது. கதவு ஒரு பளபளப்பிலும் சட்டம் வேறு பளபளப்பிலும் நின்றால் கண்ணை உறுத்தும்.

வீட்டிலேயே ரோலரில் அடிப்பதாக இருந்தால் என் கட்சி தண்ணீரில் கரையும் எனாமல்தான். டர்பன்டைன் ஊற்றும் வெள்ளை எனாமல், வெளிச்சம் குறைந்த இடத்தில் மஞ்சளாகிவிடும். கதவின் உள்பக்கம் முதலில் மஞ்சளாவது அதனால்தான். இந்தச் சகோதரியின் சமையலறையோ இருட்டு. தண்ணீர் எனாமல் அப்படி மஞ்சளாகாது, வாடையும் குறைவு. ஆனால் அதுவும் தொட்டால் காய்ந்தது போலத் தெரியுமே தவிர முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கதவைப் படாரென்று சாத்தக்கூடாது, ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கவும் கூடாது.

கோவை மரவேலை

மஞ்சளாகிற விஷயம் சரிதான். அந்தச் சமையலறைக்கு உங்கள் யோசனையே பொருந்தும். சிங்க் கதவில் சன்மைக்கா பிளந்திருக்கிறது என்றார்களே, அதை முதலில் ஃபெவிகால் விட்டு கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு இரவு வைக்க வேண்டும். கதவின் கீழ் விளிம்பை நம் ஆட்கள் யாரும் அடிப்பதில்லை. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற வீட்டில் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. சிங்க் கதவின் நான்கு விளிம்பிலும் பிரைமரும் பெயின்டும் ஏற வேண்டும்.

வாடகை வீடு

குறுக்கே ஒரு கேள்வி. வீட்டு ஓனரிடம் கேட்காமல் அடிக்கலாமா?

நெல்லை அடுப்படி

கேட்காமல் அடிக்காதீர்கள், முன்பணத்தில் பிடிப்பார்கள். எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

மதுரை மல்லி

எங்கள் வீட்டில் சன்மைக்கா இல்லை, எம்.டி.எஃப். மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒட்டிய மெம்ப்ரேன் கதவு. அடுப்புப் பக்கம் சூட்டில் தோல் கழன்று தொங்குகிறது. அதன் மேலேயே அடிக்கலாமா?

தூரிகை

வேண்டாம் அம்மா. கழன்ற தோல் மேல் அடித்தால் தோலோடு சேர்ந்து பெயின்டும் வரும். ஹீட் கன் அல்லது ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி நிதானமாக இழுத்தால் முழுத் தோலும் வந்துவிடும். அடியில் இருக்கும் பசையைச் சுரண்டி, 220-ல் தேய்த்து, பிறகு பிரைமர். எம்.டி.எஃப்.-இன் வெட்டு விளிம்பு எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும். விளிம்புக்கு மட்டும் இரண்டு மூன்று முறை பிரைமர் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் லேசாகத் தேய்த்துவிடுங்கள். அதில் தண்ணீர் எனாமலை நேரடியாகத் தொட வைக்காதீர்கள், நார் எழும்பிச் சொரசொரப்பாகிவிடும்.

மூன்றாம்மாடி

பொங்கல் முடிந்ததும் தொடங்கினோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரத்தில் காயாது என்று தூரிகை அண்ணா தனிச் செய்தியில் சொன்னதால் காத்திருந்தோம். குழந்தையை அம்மா வீட்டில் விட்டிருக்கிறோம்.

கதவைக் கழற்றும்போதே ஒவ்வொன்றின் கீல் குழியிலும் ஒரு எண் எழுதி, அதே எண்ணைப் பெட்டியின் உள்ளேயும் எழுதிவிட்டோம். குழியில் பெயின்ட் படாது என்பதால் எண் அழியவில்லை. பார்க்க எல்லாக் கதவும் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன, மாற்றி மாட்டினால் இடுக்கு கோணலாகிவிடும்.

சலவை சோடாத் தண்ணீர் வைத்ததும் அஞ்சறைப்பெட்டி வைக்கும் கப்போர்டுக் கதவில் கைபட்ட இடமெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பயந்தே போனேன். என்ன அது?

வேதியியல் ஆசிரியை

பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சள்தூளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாவதும் இதனால்தான். நல்ல தண்ணீரில் கழுவக் கழுவ மறுபடி மஞ்சளாகிவிடும். சிவப்பு தெரிகிற வரை அங்கே சோடாவும் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். போகாத மஞ்சள் கறையை வெயிலில் வையுங்கள், குர்குமின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

மூன்றாம்மாடி

அப்படியே ஆயிற்று டீச்சர். மொட்டைமாடி வெயிலில் கறை இருந்த இடமே தெரியவில்லை.

பரண் கதவில் எபாக்சி பிரைமர் அடித்து டேப் சோதனையும் செய்தாயிற்று. ஒரு மூலையில் மட்டும் இரண்டு கட்டம் டேப்போடு வந்தது. அந்த மூலையைச் சாய்த்துப் பார்த்தால் லேசான மினுமினுப்பு, உப்புத்தாள் சரியாகப் படவில்லை. மற்ற இடமெல்லாம் கல்லாக நின்றது. அதற்கப்புறம் என் கணவர் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவையும் சோதித்துத்தான் பிரைமருக்கு விட்டார்.

தூரிகை

ரொம்ப சந்தோஷம். அந்த ஒரு மூலைக்காகத்தான் சோதனையே. இனி மேல் பூச்சு. பெயின்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், ஏடு போன்ற கட்டி ஒன்று இருந்தாலும் கதவு நடுவில் துருத்தித் தெரியும். நான்கு பாட்டில் மூடிகளைக் கவிழ்த்து அதன் மேல் கதவைப் படுக்க வையுங்கள். முதலில் உள்பக்கம், அது நன்றாகக் காய்ந்த பிறகு வெளிப்பக்கம். விளிம்புகளைப் பிரஷால் முடித்து, பரப்பை 4 அங்குல ரோலரால் உருட்டி, கடைசியில் எடையே கொடுக்காமல் ஒரே திசையில் ஓர் இழுப்பு. ஒரே பூச்சில் பழுப்பை மறைத்துவிட நினைக்காதீர்கள், வழிந்து கண்ணீர் கண்ணீராக நின்றுவிடும். முதல் பூச்சில் பழுப்பு தெரியட்டும். காய்ந்ததும் 320-ல் லேசாகத் தடவி, துடைத்து, இரண்டாவது. தேவைப்பட்டால் மூன்றாவது. நடு வெயிலில் அடிக்காதீர்கள், ரோலர் நகர்வதற்குள் இழுக்க ஆரம்பித்துவிடும். காலை வெயில் ஏறுவதற்கு முன்பு அல்லது நாலு மணிக்கு மேல்.

நெல்லை அடுப்படி

நிறம் என்ன என்று யாருமே கேட்கவில்லையே!

மூன்றாம்மாடி

மேலே மோர் நிறம், கீழே வெளிர் பச்சை. கீழ்க் கதவில் கால் படும், தரைத் துடைப்பம் படும், வெள்ளை தாங்காது என்று அத்தை சொன்னார்கள். கடையில் நிற அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பச்சை, எங்கள் விளக்கில் சாம்பலாகத் தெரிந்தது. சின்ன டப்பா வாங்கி ஒரு அட்டையில் அடித்து அடுப்பு பக்கத்தில் ஒட்டி வைத்து, பகலிலும் ராத்திரியிலும் பார்த்த பிறகுதான் ஒரு படி மஞ்சள் கலந்த பச்சைக்கு மாறினோம். பளபளப்பே இல்லாத முழு மேட் எடுக்கவில்லை, எண்ணெய்க் கை பட்டால் துடைக்க முடியாதாம். லேசான மினுமினுப்பு உள்ள சாட்டின் எடுத்தோம்.

மூன்றாம்மாடி

கோடை விடுமுறையும் முடிந்துவிட்டது, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பகலில் விளக்கு போடாமல் சமைக்கிறேன், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தாளிப்புத் தெறித்த இடத்தைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போகிறது. கைப்பிடிப் பக்கம் உரியவில்லை. குப்பைக்கூடை வைத்த கதவில் மட்டும் கூடையின் விளிம்பு இடித்து ஒரு சின்னச் சில்லு போயிருக்கிறது, பிரைமர் வரை தெரிகிறது. அதை எப்படிச் சரி செய்வது? மிச்சப் பெயின்ட் கால் டப்பா இருக்கிறது.

தூரிகை

பிரைமர் நிற்கிறது என்றால் பாதி வேலை மிச்சம். சில்லின் ஓரத்தை 320-ல் தேய்த்துச் சரிவாக்கி, துடைத்து, மெல்லிய பிரஷால் மிச்சப் பெயின்டை இரண்டு முறை வையுங்கள். உடனே பளிச்சென்று வேறாகத் தெரியும், இறுகின பிறகு கலந்துவிடும். மிச்சத்தை அந்தப் பெரிய டப்பாவிலேயே வைக்காதீர்கள், உள்ளே காற்று அதிகம் இருந்தால் ஏடு கட்டும். சின்ன கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, மூடி மேல் நிற எண்ணை எழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குப்பைக்கூடை இடிக்கிற இடத்தில் ஒரு ரப்பர் புஷ் ஒட்டிவிடுங்கள்.